ஆவணிக்கு முன் எழுதும் கணக்கு

வீட்டுக்கு வெள்ளையடிக்க எவ்வளவு ஆகும் என்று கேட்டால் எங்கள் தெருவில் யாரும் சட்டென்று ஒரு தொகை சொல்லிவிடுவார்கள். வாசல் மாமரத்துக்கு வருடத்துக்கு என்ன செலவு என்று கேட்டால் பதில் வராது. மரம் தானாக வளர்கிறது, அதற்கென்ன செலவு என்பதுதான் பொதுவான நினைப்பு. பட்டுக்கோட்டையில் வீட்டு மரங்களோடு ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: மரத்துக்குச் செலவு உண்டு. முன்கூட்டியே திட்டமிட்டால் சிறுசிறு தொகையாகப் போகும். கண்டுகொள்ளாமல் விட்டால் ஒருநாள் மொத்தமாக வந்து நிற்கும். அன்றைக்குக் கையில் பணமும் இருக்காது, ஊரில் ஆளும் கிடைக்காது.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கம் தென்னை என்ன ஆனது என்று எல்லோருக்கும் தெரியும். அதன்பின் அரசு ஒரு தென்னைக்கு 1,100 ரூபாய் நிவாரணம் அறிவித்தது. அதில் 600 ரூபாய் மரத்துக்கு, 500 ரூபாய் விழுந்த மரத்தை வெட்டி அப்புறப்படுத்துவதற்கு. இந்தப் பிரிப்பை நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். மரத்துக்குக் கொடுத்த தொகையை எட்டிப்பிடிக்கும் அளவுக்கு அதை எடுத்துப்போடும் செலவும் நிற்கிறது. இது தோப்பில், திறந்த வெளியில் விழுந்த மரத்தின் கணக்கு. ஓட்டுக்கூரை மேலும் சுற்றுச்சுவர் மேலும் சாய்ந்த மரத்தை, கீழே இருப்பது உடையாமல் துண்டு துண்டாக இறக்குவதற்கு அந்தத் தொகை எந்த மூலைக்கும் காணாது. அந்த வாரங்களில் அறுவை மெஷின் வைத்திருந்தவர்கள் இரவு பகல் பார்க்காமல் உழைத்தும் எங்கள் தெருவுக்கு முறை வர வெகுநாள் ஆனது.

அதற்கு முன்பும் நான் மரக்கணக்கு எழுதியவள்தான். கஜாவுக்குப் பிறகு எழுதும் விதம் மாறியது. இப்போது ரூபாயில் எழுதுவதில்லை, ஆள்நாளில் எழுதுகிறேன். கூலி வருடத்துக்கு வருடம் ஏறும். ஆனால் ஒரு மரம் கேட்கும் வேலை அவ்வளவாக மாறாது. என் நோட்டில் பின்கட்டு மாமரத்துக்கு எதிரே இப்படி இருக்கும்: ஆவணி, மேலே ஒருவர், கீழே கயிறு பிடிக்க இருவர், ஒரு முழு நாள், தழையும் கொப்பும் ஏற்ற டாடா ஏஸ் ஒரு நடை. சித்திரை பிறந்ததும் அந்த வருடக் கூலி என்னவென்று விசாரித்து, பக்கத்தில் தொகை போட்டுக்கொள்வேன். எல்லா மரத்துக்கும் போட்டு முடித்தபின் மொத்தத்தோடு கால் பங்கைக் கூட்டிக்கொள்வேன். அந்தக் கால் பங்கு புயலுக்கு. புயல் வராத வருடம் அது அப்படியே அடுத்த வருடத்துக்குப் போகும். வேறு எதற்கும் அதைத் தொடுவதில்லை என்பதில் நான் கண்டிப்பு.

தென்னையிலிருந்து தொடங்குகிறேன். வீட்டு மரங்களில் அடிக்கடி ஆள் ஏற வேண்டியது அதுதான். நன்றாக இருக்கும் தென்னை ஏறக்குறைய மாதம் ஒரு மட்டை விடும். ஒவ்வொரு மட்டையின் கக்கத்திலும் ஒரு பாளை. பாளை வெடித்துக் குரும்பை பிடித்து நெற்றாக ஒரு வருடம் ஆகும். அந்த ஒரு வருடமும் குலையைத் தாங்குவது கீழே இருக்கும் பச்சை மட்டைதான். இது மனதில் இருந்தால், "மரத்தைச் சுத்தமா எடுத்து விடுங்க" என்று ஏறுபவரிடம் சொல்ல வாய் வராது. காய்ந்து தொங்கும் மட்டை, காய்ந்த பாளை, பன்னாடை இவை போதும். பச்சை மட்டையை வெட்டியே தீரவேண்டும் என்றால் தண்டிலிருந்து நான்கடி விட்டு வெட்டச் சொல்ல வேண்டும். தண்டை ஒட்டி வெட்டிய பச்சைக் காயத்தின் வாசனைக்குச் சிவப்புக் கூன்வண்டு வரும், அங்கேயே முட்டையிடும். அதன் புழு உள்ளே போய்விட்டால், தண்டில் பழுப்பு நீர் வடிவதை நாம் பார்க்கும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று கொடுக்கும் கூலி சில சமயம் மரத்தையே கொண்டுபோய்விடும்.

காய் பறிப்பு எங்கள் வீட்டில் நாற்பத்தைந்து நாளுக்கு ஒரு முறை. காண்டாமிருக வண்டுக்கு அந்துருண்டை வைக்கும் முறையும் நாற்பத்தைந்து நாள்தான்: குருத்தை ஒட்டிய மட்டைக் கக்கங்களில் மரத்துக்கு மூன்று உருண்டை, மேலே பொடி மணல். ஆகவே இரண்டுக்கும் ஒரே ஏற்றம், ஒரே கூலி. மருந்து வைக்கத் தனியாக ஆள் கூப்பிடும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். ஏறுபவர் கீழே இறங்கிய பிறகு நினைவு வருவதால் வரும் இரட்டைச் செலவு அது. அந்துருண்டையும் சலித்த மணலும் ஒரு துணிப்பையில் கட்டி, அவர் தளை மாட்டும் முன்பே கையில் கொடுத்துவிட வேண்டும். அந்துருண்டை பிடிக்காதவர்கள் வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து வைக்கலாம்.

ஏறுபவரின் கண்ணுக்கும் சேர்த்துத்தான் நான் கூலி கொடுக்கிறேன். கீழே நின்று நாம் பார்ப்பது ஓலையின் அடிப்பக்கத்தை மட்டும். குருத்துக்குள் என்ன நடக்கிறது என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். எங்கள் வீட்டுக்கு வருபவர் உச்சியில் உட்கார்ந்து நிதானமாக நான்கு பக்கமும் பார்ப்பார்.

"அக்கா, குருத்துல ஓட்ட விழுந்திருக்கு. சக்க வெளிய தள்ளியிருக்கு, வண்டு உள்ளதான் இருக்கு."

"கம்பி இருக்கா தம்பி?"

"இருக்குக்கா. பொறுங்க."

முனை கொக்கியாக வளைந்த கம்பியை ஓட்டைக்குள் விட்டுத் திருகி இழுப்பார். கறுத்து மினுமினுக்கும் வண்டு, மூக்கில் கொம்போடு, கம்பி முனையில் காலை உதைத்துக்கொண்டு வரும். அது தின்ற குருத்து விரியும்போது ஓலை கத்தரிக்கோல் போட்டதுபோல் முக்கோணமாக வெட்டுப்பட்டிருக்கும். பல வீடுகளில் அந்த வெட்டைக் காற்றில் கிழிந்த ஓலை என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். தெரு நெடுகிலும் அந்த அடையாளத்தைத் தேடிப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. பார்த்தால் கதவைத் தட்டிச் சொல்லிவிடுவேன். அந்த வண்டு பெருகும் இடம் குப்பைக்குழியும் மக்கிய தென்னந்தண்டும்தான். ஒரு வீட்டின் பட்டுப்போன அடிமரம் பத்து வீட்டுத் தென்னைக்குப் பகை. அதனால் பட்ட மரத்தை வேரோடு எடுக்கும் செலவைத் தள்ளிப்போடக் கூடாது என்பேன்.

உரம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஐந்து வயது தாண்டிய மரத்துக்கு வருடத்துக்குத் தொழுவுரம் 50 கிலோ, யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, பொட்டாஷ் 2 கிலோ. இதை ஆனி ஆடியில் பாதி, மார்கழி தையில் பாதி என்று ஆறடி ஆரத்தில் வட்டப்பாத்தி எடுத்துப் போடுவது வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் முறை. வீடுகளில் பெரும்பாலும் பொட்டாஷ்தான் விட்டுப்போகிறது. உரித்த மட்டையைத் தூக்கிப்போடாமல் பாத்தியில் குழிந்த பக்கம் மேலே இருக்க அடுக்கிப் புதைத்தால் கோடையில் தண்ணீர்ச் செலவு குறையும். இதற்குக் காசே தேவையில்லை, ஒரு காலை நேர வேலை.

சுருள் வெள்ளை ஈக்கு மருந்தடிக்க என் கணக்கில் ஒரு பைசாவும் இல்லை. 2016இல் பொள்ளாச்சிப் பக்கம் கண்டறிந்த பூச்சி அது. இன்று எங்கள் ஊரிலும் தென்னைக்குக் கீழே நிற்கும் கறிவேப்பிலையும் கொய்யாவும் கரும்பூஞ்சணம் பிடித்துக் கறுத்துக் கிடக்கின்றன. பார்த்தால் பதறத்தான் செய்யும். ஆனால் பூச்சிமருந்து அடித்தால் அந்த ஈயைத் தின்று கட்டுப்படுத்தும் என்கார்சியா என்ற சிறு குளவியும் செத்துப்போகும். மஞ்சள் ஒட்டுப்பொறியும், மட்டையின் அடியில் வேகமாகப் பீய்ச்சும் வெறுந்தண்ணீரும் போதும்.

இனி மாமரம். எங்கள் பக்கத்து வீட்டு மரங்களைப் பார்த்து நான் மனம் நொந்துபோவது இங்கேதான்.

ஒரு நாள் விறகுக்கடைக்காரர் வருவார். "கூலி வேண்டாம், மரத்தை நான் சும்மா வெட்டித் தர்றேன், கட்டைய மட்டும் எடுத்துக்கிறேன்" என்பார். வீட்டுக்காரருக்குச் செலவில்லாமல் காரியம் முடிந்த நிம்மதி. ஆனால் அவருக்கு வேண்டியது பருத்த கட்டை. மரத்துக்கு எடுக்க வேண்டியதோ உள்ளே குறுக்கும் நெடுக்கும் உரசும் சிம்பு, நோய் விழுந்த நுனி, காய்ந்த கொப்பு. இதில் எதுவும் அவர் தராசில் நிற்காது. அவர் கையால் முடிவது மரத்தின் எலும்பு போன்ற நல்ல கிளைகள். மொட்டையடித்த மரம் அடுத்த மழைக்கே பச்சைப்பசேலென்று துளிர்க்கும். அதைப் பார்த்து மரம் பிழைத்துக்கொண்டது என்று சந்தோஷப்படுகிறோம். அந்தத் துளிர்கள் வெட்டுவாயைச் சுற்றிப் பட்டைக்குக் கீழிருந்து மட்டும் கிளம்பியவை. மரத்தின் உள்ளே அவற்றுக்குப் பிடிப்பு கிடையாது. இரண்டு மூன்று வருடத்தில் அவை முன்னைவிட அடர்ந்து கனத்து நிற்கும், வெட்டுவாயோ உள்ளுக்குள் இற்றுக்கொண்டிருக்கும். கார்த்திகைக் காற்றுக்கு முதலில் முறிவது அவைதான். இலவசமாக வெட்டிய மரத்துக்கு மூன்று வருடத்துக்கு ஒருமுறை பணம் கொடுத்து வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கணக்குப் பார்க்கத் தெரிந்தவர் யாரும் அந்த இலவசத்தை ஏற்கக் கூடாது.

மாமரக் கவாத்துக்கு ஆவணியை நான் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் உண்டு. ஆடியோடு காய்ப்பு ஓய்ந்துவிடும். உடனே வெட்டினால் வரும் தளிர் முற்றி, மார்கழி தையில் பூவெடுக்கும். ஐப்பசிவரை தள்ளினால் இளந்தளிரோடு மரம் நிற்கும், அந்த வருடம் பூவை மறந்துவிட வேண்டியதுதான். அதோடு வடகிழக்குப் பருவமழைக்கு முன் தலைப்பாரம் குறைந்து, காற்று கிளைகளுக்கு இடையே புகுந்து போக வழி இருக்கும். ஒரு வருடத்தில் கால் பங்குக்கு மேல் தழையை எடுக்க விடமாட்டேன். அதற்கு மேல் வேண்டும் என்றால் அடுத்த ஆவணி இருக்கிறது.

கிளையை எடுக்கும் முறையைக் கீழே நின்று கவனித்தே ஆக வேண்டும். கிளை தாய்மரத்தோடு சேரும் இடத்தில் பட்டை மடிந்து சற்றே தடித்த ஒரு வளையம் இருக்கும். கையால் தடவினாலே தெரியும். அந்த வளையம் மரத்துடையது, அதில் வாள் படக் கூடாது. முதலில் வளையத்திலிருந்து ஒன்றரை அடி தள்ளி, அடியிலிருந்து மேல்நோக்கி மூன்றில் ஒரு பங்கு அறுப்பார்கள். பிறகு அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுப்பார்கள். கிளை மடிந்து, படக்கென்று ஒடிந்து, கயிற்றில் தொங்கும். அடிவெட்டு இருப்பதால் பட்டை தாய்மரம்வரை உரிந்துகொண்டு போகாது. மிஞ்சிய குச்சத்தை வளையத்துக்கு வெளியே ஒட்டினாற்போல் மூன்றாவதாக எடுப்பார்கள். அடுத்த ஆவணிக்குள் அந்த வெட்டைச் சுற்றிப் புதுப்பட்டை உதடுபோல் உருண்டு வந்திருக்கும். மரத்தோடு மட்டமாக இழைத்த வெட்டிலும், முழ நீளம் குச்சம் விட்ட வெட்டிலும் இந்த உதடு சரியாகக் கூடுவதில்லை. ஆள் பேசும்போது கூலியைவிட முதலில் இதைக் கேட்கிறேன்: கிளையை எத்தனை வெட்டில் எடுப்பீர்கள்? மூன்று என்று சொல்பவருக்கு நூறு இருநூறு கூடக் கொடுக்கலாம்.

வெட்டுவாயில் பெயின்ட் அடிக்கும் செலவும் என் நோட்டில் கிடையாது. அமெரிக்க வனத்துறை விஞ்ஞானி அலெக்ஸ் ஷிகோ ஏராளமான மரங்களை நீளவாக்கில் அறுத்து உள்ளே பார்த்துச் சொன்னது இதுதான்: மரம் காயத்தை ஆற்றுவதில்லை, சுற்றிலும் தடுப்பெழுப்பி அழுகலை அங்கேயே அடைத்துவைக்கிறது. மேலே பூசும் பூச்சு அந்த அழுகலைத் தடுப்பதில்லை. பெயின்டுக்குப் போகும் காசை நல்ல வெட்டுக்குக் கொடுங்கள்.

வேம்புக்கு என் அறிவுரை ஒன்றே ஒன்று. சில வருடங்களாக மழை முடிந்த கையோடு, தை மாசியில், வேப்பமரங்கள் தீய்ந்ததுபோல் நுனியெல்லாம் கருகி நிற்கின்றன. தேயிலைக் கொசு என்னும் பூச்சியும் அதைத் தொடர்ந்து வரும் பூஞ்சாணமும் செய்யும் வேலை அது. பட்டுப்போய்விட்டது என்று ஆள் கூப்பிட்டு வெட்டிவிடாதீர்கள். நகத்தால் கிளையைக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை இருந்தால் சித்திரை வைகாசிவரை பொறுங்கள். பெரும்பாலான மரங்கள் திரும்பத் துளிர்க்கின்றன.

பெரிய மரங்களுக்கு வருடச் செலவு குறைவு. ஆனால் மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை பெரிய வேலை வரும். கூரைக்கு மேல் நீண்ட கிளையை ஒரு சுற்றுக் குறைப்பது, கவட்டையில் தண்ணீர் தேங்கி இற்ற கொம்பை எடுப்பது எல்லாம் கயிறு தெரிந்த குழு செய்யும் வேலை, இரண்டு நாள் பிடிக்கும். அந்தத் தொகையை முப்பத்தாறால் வகுத்து மாதாமாதம் ஒதுக்கினால், கைக்கு எட்டாத செலவாகத் தோன்றியது கேபிள் டிவி கட்டணத்தோடு போய்விடும். என் மருமகள் இதைத் தபால் நிலையத் தொடர்வைப்பாகவே போட்டுவைத்திருக்கிறாள். நல்ல வழி.

மின்கம்பி பக்கம் போகும் கிளைக்கு மட்டும் நம் இஷ்டப்படி நாள் குறிக்க முடியாது. மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்நிறுத்தம் அறிவிக்கும் நாளைப் பார்த்து, மின்வாரிய அலுவலகத்தில் முன்கூட்டியே சொல்லி, லைன் நிறுத்தியதை அவர்கள் வாயால் உறுதி செய்துகொண்ட பிறகே ஆளை ஏற்ற வேண்டும். மனையில் பனை இருந்தால், அதை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே அறிவித்திருக்கிறார்கள். அதை வெட்டும் செலவுக்கு யாரும் இடம் ஒதுக்காமல் இருப்பதே என் விருப்பமும்.

ஐந்து தென்னை இருக்கும் வீட்டுக்காரர்கள் காப்பீட்டையும் விசாரிக்கலாம். தென்னை வளர்ச்சி வாரியம் 2009இல் தொடங்கிய திட்டத்தில், காய்க்கும் மரம் குறைந்தது ஐந்து இருந்தால் போதும். பிரீமியம் மரத்தின் வயதைப் பொறுத்து 9 ரூபாய் அல்லது 14 ரூபாய். அதில் பாதி வாரியம், கால் பங்கு மாநில அரசு, மீதிக் கால் பங்குதான் நம்முடையது. சேருவதற்கு முன் அந்த வருட நிலவரத்தை வட்டார வேளாண் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இவ்வளவு செலவும் உண்மையில் தீர்மானமாவது கன்று நடும் நாளில்தான். தென்னைக்குத் தென்னை 25 அடி வேண்டும். 2,400 சதுர அடி மனையில் வீடு போக மிஞ்சும் இடத்தில் அது எத்தனை மரம் என்று கயிறு பிடித்துப் பார்த்துவிட்டு நர்சரிக்குப் போங்கள். சுவரை ஒட்டிய இடத்துக்கு எலுமிச்சை, கறிவேப்பிலை, மாதுளை, கொய்யா. முருங்கை கூரைக்கும் கம்பிக்கும் எட்டாத மூலையில் இருக்கட்டும், அதன் கிளைக்குக் காற்றைத் தாங்கும் வலு கிடையாது. கழிவுநீர்த் தொட்டிக்கு மேல் பலா வேண்டாம். மொட்டைமாடி விரிசலில் பறவை போட்ட அரசங்கன்றை அந்த மழையிலேயே பிடுங்கிவிடுங்கள், அடுத்த வருடம் கொத்தனார் கூலி ஆகிவிடும்.

வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் என்று செய்தி வாசித்த பிறகு ஆள் தேடுபவர்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். அன்றைக்குக் கூலி இரட்டிப்பாகும், அதற்கும் ஆள் வராது, வந்தாலும் ஈர மரத்தில் அவசரமாக ஏற்றுவது ஒருவர் உயிரோடு விளையாடுவது. அந்த நேரத்தில் செய்யக்கூடியது தென்னையில் முற்றிய குலையையும் பழுத்த மட்டையையும் இறக்கிப் பாரம் குறைப்பது மட்டும்தான், அதுவும் மழைக்கு இரண்டு நாள் முன்பு. மற்றதெல்லாம் ஆவணியில் முடிந்திருக்க வேண்டும். நல்ல ஆட்களுக்கு ஆவணி முழுவதும் வேலை நிரம்பிவிடுகிறது. ஆகவே வைகாசியிலேயே போய்ப் பார்த்து, மரத்தைக் காட்டி, நாள் குறித்து, ஒரு சிறு தொகை முன்பணமாகக் கொடுத்துவிட்டு வாருங்கள்.